25 லட்சத்துக்குள் ஹைப்ரிட், ஆல் வீல் டிரைவ், குடும்ப எஸ்யூவி: மூன்றும் ஒரே வண்டியில் கிடைக்குமா?

மேடவாக்கத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். ஆன் ரோடு 25 லட்சம் வரை போகலாம், அதுக்கு மேல ஒரு ரூபாய்கூட முடியாது. பெரியவங்க 4 பேர், 9 வயசுப் பையன் ஒருத்தன். வாரநாளில் மேடவாக்கம் – சிறுசேரி, போக வர 40 கி.மீ. மாசம் ஒரு தடவை கொல்லிமலை, செம்மேடு தாண்டி. அங்கே கடைசி 3 கி.மீ. மண் ரோடு, மழைக்காலத்தில் செம்மண் சேறு. ஆட்டோமேட்டிக் கட்டாயம் வேணும். ஹைப்ரிட்டும் ஆல் வீல் டிரைவும் சேர்ந்த வண்டி எது எடுக்கலாம்? கிராண்ட் விட்டாராவில் ரெண்டும் இருக்குன்னு ஷோரூமில் சொல்றாங்க.

கிரகக்கியர்:
ஷோரூமில் சொன்னது பாதி உண்மை. ரெண்டும் இருக்கு, ஆனால் ஒரே வண்டியில் இல்லை.

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், 2025 செப்டம்பரில் வந்த மாருதி விக்டோரிஸ் மூன்றிலும் இதே கதைதான். ஸ்ட்ராங் ஹைப்ரிட் (மோட்டாரில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) எடுத்தால் 1490 சிசி, 3 சிலிண்டர் டொயோட்டா எஞ்சின், 92 பிஎஸ். கூட 80 பிஎஸ், 141 என்எம் மோட்டார். ரெண்டும் சேர்ந்து 116 பிஎஸ். இது முன் சக்கரத்துக்கு மட்டும்தான் போகும். ஆல் வீல் டிரைவ் கேட்டால் சுசுகியின் 1462 சிசி, 4 சிலிண்டர் எஞ்சின், 103 பிஎஸ், 137 என்எம், 6 ஸ்பீட் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதையும் 'ஹைப்ரிட்' என்றுதான் விற்கிறார்கள், ஆனால் அது மைல்டு ஹைப்ரிட். பெல்ட்டில் ஓடும் ஒரு ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர், கிளம்பும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், சிக்னலில் அணைத்து மறுபடி கிளப்பும். மோட்டாரில் மட்டும் வண்டி ஒரு அடிகூட நகராது.

இன்னோவா ஹைக்ராஸ் அருமையான ஸ்ட்ராங் ஹைப்ரிட், ஆனால் அதுவும் முன் சக்கர வண்டி, உங்கள் பட்ஜெட்டையும் தாண்டும். நிசான் எக்ஸ் டிரெயில் 2024ல் இங்கே வந்தபோது மைல்டு ஹைப்ரிட், முன் சக்கரம். ஃபார்ச்சூனர் நியோ டிரைவ் 4x4 தான், ஆனால் டீசலுடன் 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட், 40 லட்சத்துக்கு மேல். நிஜமாகவே ரெண்டும் சேர்ந்தது வேண்டுமென்றால் லெக்ஸஸ் என்எக்ஸ் 350எச். பின் ஆக்ஸிலில் தனியாக 40 கிலோவாட் மோட்டார், நடுவில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிடையாது. விலை 65 லட்சத்துக்கு மேல்.

ஆக, உங்கள் பட்ஜெட்டில் மூன்றில் ஒன்றை விட்டுத்தான் ஆகணும். எதை விடுவது என்பதுதான் கேள்வி.

மேடவாக்கத்தான்:
தெளிவாப் புரிஞ்சது, நன்றி சார். அப்போ ஆல் வீல் டிரைவை விட்டால் சென்னை மழையில் கஷ்டப்படுவோமா? பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வழிதான் தினமும்.

வேளச்சேரி வடிகால்:
சென்னை மழைக்கும் ஆல் வீல் டிரைவுக்கும் சம்பந்தமே இல்லைங்க. இதை எத்தனை தடவை வேணும்னாலும் சொல்வேன், ஏன்னா இந்த நம்பிக்கையில்தான் பல பேர் தண்ணிக்குள்ள இறங்கறாங்க.

நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி கிளம்பறதும் ஏறறதும் சுலபம். பிரேக் பிடிக்க அது உதவாது, ஈர ரோட்டில் வளைவில் ஒட்டிப் போகவும் பெரிசா உதவாது. அதுக்கு டயர்தான். சட்டப்படி டயர் பட்டன் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் போதும், ஆனால் 3 மி.மீ.க்கு வந்ததும் மாத்துங்க. அதுக்குக் கீழே தேங்கின தண்ணியை வெளியே தள்ள முடியாமல் டயர் தண்ணி மேலேயே மிதக்க ஆரம்பிக்கும்.

வெள்ளத்தில் வண்டியைக் கொல்றது எஞ்சினுக்குள் போற தண்ணி. கிராண்ட் விட்டாரா, ஹைரைடரில் 215/60 ஆர்17 டயர், மொத்த உயரம் சுமார் 690 மி.மீ. சக்கரத்தின் நடுப்பகுதி 345 மி.மீ.ல இருக்கு. தண்ணி அந்த மையத்தைத் தொட்டால் திரும்பிடுங்க. எதிரில் ஒரு எம்டிசி பஸ் வந்தால் அலை இன்னும் ஒரு அடி ஏறும், அதையும் கணக்கில் வைங்க.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் கூடுதலா ஒரு ஆபத்து இருக்கு. தண்ணிக்குள்ள மோட்டாரில் அமைதியாப் போயிட்டு இருப்பீங்க. பேட்டரி இறங்கியதும், இல்லை ஏசி இழுத்ததும், எஞ்சின் தானாகவே ஸ்டார்ட் ஆகும். எப்போன்னு உங்க கையில இல்லை. அந்த நொடியில் காற்று உறிஞ்சும் வழி தண்ணிக்குள்ள இருந்தால் சிலிண்டரில் தண்ணி புகுந்து கனெக்டிங் ராடு வளையும். மோட்டார்தானே ஓடுதுன்னு நம்பி ஆழத்துக்குள் போகவே கூடாது. வண்டி தண்ணியில் நின்னுட்டால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீங்க. ஆரஞ்சு நிற கேபிள் எதிலும் கை வைக்காதீங்க. ஃபிளாட்பெட் (வண்டியை முழுசா மேலே ஏத்திப் போற லாரி) வரவழைச்சு ஏத்துங்க. முன் சக்கரம் உருளுற மாதிரி கட்டி இழுத்தால் உள்ளே இருக்கிற மோட்டார் மின்சாரம் உற்பத்தி பண்ண ஆரம்பிச்சிடும். ஆல் வீல் டிரைவ் வண்டிக்கும் ஃபிளாட்பெட்தான், காரணம் வேற: ரெண்டு சக்கரம் தரையில் உருண்டால் பின் சக்கரத்துக்கு இழுவையை இணைக்கிற கப்ளிங் கெடும்.

2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் புயல் ரெண்டிலும் நின்ற இடத்திலேயே முங்கின வண்டிகள் ஏராளம். ஓட்டும் திறமைக்கு அங்கே வேலையே இல்லை, இன்சூரன்ஸ்தான் காப்பாத்தும். எஞ்சின் புரொடெக்ட் கவர் கட்டாயம் போடுங்க. ஹை வோல்டேஜ் பேட்டரி, இன்வெர்ட்டர், டிரைவ் மோட்டார் மூன்றும் அதுக்குள் வருதா, தனி கவர் எடுக்கணுமான்னு எழுத்தில் கேட்டு வாங்குங்க. ஏஜென்ட் வாயால் சொல்றது கிளெய்ம் அன்னிக்கு நிக்காது.

கணக்குப்பிள்ளை:
பணத்தைப் பார்ப்போம். தினம் 40 கி.மீ., மாதம் 22 நாள் என்றால் வருடம் 10,500 கி.மீ. நகர ஓட்டம். கொல்லிமலை போய்வர 750 கி.மீ., 12 தடவைக்கு 9,000.

ஸ்ட்ராங் ஹைப்ரிட் லிட்டருக்கு நகரத்தில் 21 கி.மீ., நெடுஞ்சாலையில் 20 கொடுக்கிறது என்று வைப்போம். மைல்டு ஹைப்ரிட் ஆல் வீல் டிரைவ் ஆட்டோமேட்டிக் நகரத்தில் 12, வெளியே 16. கம்பெனி சொல்லும் 27, 28 கி.மீ. கணக்கை ஓஎம்ஆர் மெட்ரோ வேலைக்கு நடுவில் எதிர்பார்க்கக் கூடாது. நகரத்தில் 875 லிட்டருக்குப் பதில் 500, வெளியே 563க்குப் பதில் 450. மிச்சம் 488 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 49,000. 5 வருடத்துக்கு 2.45 லட்சம்.

மிச்சத்தில் முக்கால் பங்கு நகர ஓட்டத்தில்தான் வருகிறது, கவனியுங்கள். சென்னைக்குள் ஓடாமல் பைபாஸிலேயே ஓடுகிறவருக்கு இந்தக் கணக்கு செல்லாது.

வரி பக்கம்: 2025 செப்டம்பர் 22க்கு முன் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு 43%, இந்த 1.5 லிட்டர் மைல்டு ஹைப்ரிட்டுக்கு 45% வரி. இப்போது ரெண்டுக்கும் 40%. ஹைப்ரிட்டுக்கு இருந்த சின்னச் சலுகை போய்விட்டது. தமிழ்நாட்டு வாழ்நாள் வரி 10 முதல் 20 லட்சம் வரை 18%, 20 லட்சம் தாண்டினால் 20%. 19.9 லட்ச வண்டிக்கு 3.58 லட்சம், 20.1 லட்ச வண்டிக்கு 4.02 லட்சம். 20,000 ரூபாய் விலை வித்தியாசத்துக்கு 44,000 வரி வித்தியாசம். டாப் வேரியன்ட்டைத் தொடும் முன் அந்த 20 லட்சக் கோட்டைப் பாருங்கள். 10 லட்சத்துக்கு மேல் 1% டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும். அதைச் செலவாகச் சேர்க்காதீர்கள்.

திருவான்மியூர் நிலா:
எல்லாரும் மைலேஜ் பேசறீங்க, சென்னை வெயிலைப் பத்தி யாருமே சொல்லலையே. ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடும். மே மாசம் மதியம் சோழிங்கநல்லூர் சிக்னலில் எஞ்சின் அணைஞ்சு நின்னாலும் ஏசி அதே குளிர்ச்சியில் வரும். மைல்டு ஹைப்ரிட்டில் கம்ப்ரசர் எஞ்சின் பெல்ட்டில் ஓடுது. சிக்னலில் எஞ்சின் அணைஞ்சால் ஒரு நிமிஷத்துக்குள்ள காத்து சூடாகும், இல்லைன்னா எஞ்சின் அணையாமலே ஓடிக்கிட்டு பெட்ரோலைக் குடிக்கும். பின் சீட்டில் வயசானவங்க உட்கார்ந்து வர்ற வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்டின் குறை டிக்கி. கிராண்ட் விட்டாராவில் மைல்டு ஹைப்ரிட்டுக்கு 373 லிட்டர், ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு 265 தான், பேட்டரி அங்கேதான் உட்கார்ந்திருக்கு. 5 பேர் ரெண்டு ராத்திரி தங்கற சாமான் அதில் அடங்காது. ஷோரூமுக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற பெரிய பெட்டி ரெண்டையும் எடுத்துட்டுப் போய் உள்ளே வைச்சுப் பாருங்க. பெரியவங்களையும் கூட்டிட்டுப் போய் பின் சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்க.

கடற்கரை ஓரம் இருக்கறவங்களுக்கு இன்னொன்னு. ஹைப்ரிட்டில் பாதி பிரேக்கை மோட்டாரே பிடிச்சிடும். அதனால் டிஸ்க்கும் பேடும் வருஷக்கணக்கில் தேயாது. ஆனால் உப்புக் காத்தில் டிஸ்க் துருப்பிடிக்கும், காலிப்பர் ஸ்லைடு பின் இறுகிக்கும். வருஷம் ஒரு தடவை நாலு சக்கரமும் கழட்டி, பின்னைத் துடைச்சு, பிரேக்குக்கான கிரீஸ் போடச் சொல்லணும். சர்வீஸ் பட்டியலில் தானா வராது, கேட்டு எழுத வைக்கணும்.

மலைப்பாதை:
நகரத்துக்காரர்கள் ஆல் வீல் டிரைவை ரொம்பச் சுலபமாகத் தள்ளுகிறீர்கள். அண்ணன் கேட்டதில் 3 கி.மீ. சேறு இருக்கிறதே! அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 5 பேரும் சாமானும் ஏறினால் வண்டி 1,700 கிலோ. சமதளத்தில் அந்த எடையில் பாதிக்குச் சற்று மேல் முன் சக்கரத்தில் இருக்கும். 15% ஏற்றத்தில் எடை பின்னால் சாய்ந்து முன்பக்கம் 48% வாக்கில் நிற்கும். ஏற்றத்துக்கு 0.15, சேற்றில் உருள 0.05, ஆக வண்டி எடையில் 0.20 பங்கு இழுவை வேண்டும். முன் சக்கரம் மட்டும் இழுத்தால் 0.20ஐ 0.48ஆல் வகுங்கள், 0.42 உராய்வு தேவை. நனைந்த செம்மண்ணில் 0.3 கிடைத்தாலே பெரிது. சக்கரம் அங்கேயே சுற்றும். நாலு சக்கரமும் இழுத்தால் தேவை 0.20 மட்டும். ஏறிவிடும்.

அதிலும் இந்த ஸ்ட்ராங் ஹைப்ரிட் கியர் அமைப்பில் சக்கரம் சுற்றி, திடீரென்று கல்லில் பிடித்தால் உள்ளே இருக்கும் மோட்டாருக்கும் கிரக கியருக்கும் அதிர்ச்சி போகும். அதனால் சக்கரம் வழுக்காமல் பார்க்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் சக்தியைக் கடுமையாக வெட்டிவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வண்டி முனகிக்கொண்டு நிற்கும். சுசுகியின் ஆல் வீல் டிரைவ் அமைப்பான ஆல் கிரிப்பில் ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என்று நாலு நிலை. சேற்றுக்குள் இறங்குவதற்கு முன்பே லாக்கில் போட வேண்டும், மாட்டிய பிறகு அல்ல. தாருக்கு வந்ததும் ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

கிரகக்கியர்:
மலைப்பாதை சொல்வது சரி. அதே கணக்கைக் கீழே இறக்கிப் பாருங்கள். 10% ஏற்றத்தில் ஏற்றத்துக்கு 0.10, சேற்றுக்கு 0.05, ஆக 0.15ஐ 0.495ஆல் வகுத்தால் 0.30. அதுதான் எல்லை. 8%ல் 0.26 போதும், முன் சக்கர வண்டி ஏறும். ஆகவே மேடவாக்கத்தான் செய்ய வேண்டியது, போன் திசைகாட்டி ஆப்பில் வரும் சாய்வுமானியை ஒரு நேர்ப்பலகையில் வைத்து அந்த ரோட்டை அளப்பது. 10% என்றால் 5.7 டிகிரி, 15% என்றால் 8.5.

மலையைப் பற்றி இன்னொரு விஷயம். ஸ்ட்ராங் ஹைப்ரிட் பேட்டரி 0.76 கிலோவாட் அவர் மட்டும்தான். காரவள்ளியிலிருந்து 70 ஊசி வளைவு ஏறும்போது முதல் சில வளைவுகளிலேயே அதன் இருப்பு இறங்கிவிடும். பிறகு 92 பிஎஸ் எஞ்சின்தான் சுமக்கணும். சத்தம் போடும், ஆனால் ஏறிவிடும். இறங்கும்போது நேர்மாறு. 1,700 கிலோ வண்டி 1,000 மீட்டர் இறங்கினால் கிடைக்கும் சக்தி 4.6 கிலோவாட் அவர். பேட்டரியில் இடமோ அதில் சின்னப் பங்கு. நிறைந்ததும் மோட்டார் பிரேக் தளரும், மிதி பிரேக் சூடேறும். அதனால் மேலிருந்து முதல் வளைவிலேயே கியரை 'B' நிலையில் (எஞ்சின் பிரேக்; பார்க்கிங்குக்கான 'P' அல்ல) போடுங்கள். எஞ்சின் பெட்ரோல் இல்லாமல் சுற்றி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அப்போது எஞ்சின் உறுமுவது பழுது இல்லை.

மேடவாக்கத்தான்:
ஊரில் இருக்கிற தம்பியை அளக்கச் சொன்னேன். 3 கி.மீ.ல பெரும்பாலும் 3 முதல் 4 டிகிரி. ஒரே ஒரு திருப்பத்தில் 40 மீட்டர் தூரம் 7 டிகிரி. மழையில் வண்டிகள் நிக்கறது அந்த இடத்திலதான்.

மலைப்பாதை:
7 டிகிரி என்றால் 12%. முன் சக்கர வண்டிக்கு 0.35 தேவை. காய்ந்த நாளில் பிரச்சினை இல்லை, மழையில் நிற்கும். அந்த 40 மீட்டருக்காக ஆல் வீல் டிரைவ் எடுத்தாலும் தவறில்லை என்றுதான் சொல்வேன். அடைமழை இரவில் பெரியவர்களை வைத்துக்கொண்டு அங்கே மாட்டக் கூடாது.

அம்பத்தூர் பட்டறை:
ஆல் வீல் டிரைவ் எடுத்தால் அதோட கடமையும் தெரிஞ்சு எடுங்க தம்பி. நாலு டயரும் ஒரே பிராண்டு, ஒரே தேய்மானம் இருக்கணும். ஒரு டயர் மட்டும் புதுசு போட்டால் அதோட சுற்றளவு பெரிசு. முன்னும் பின்னும் வேற வேற வேகத்தில் சுத்தி, பின் டிஃபரன்ஷியல் கப்ளிங் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை டயரை மாத்திப் போடுங்க. டிரான்ஸ்பர் கேஸ் ஆயில், பின் டிஃபரன்ஷியல் ஆயில் ரெண்டும் தனித்தனி, அட்டவணையில் இருக்கும், பில்லில் வருதான்னு பாருங்க. தண்ணியில் இறங்கி வந்தால் பிரீதர்ங்கிற காத்துத் துளை வழியா டிஃபரன்ஷியலுக்குள் தண்ணி போயிருக்கும். ஃபில்லர் பிளக்கைக் கழட்டி விரலில் தொட்டுப் பார்த்தால் பால் காபி நிறத்தில் வரும். அப்படி வந்தால் உடனே மாத்திடணும். விட்டால் பேரிங் ஊளையிட ஆரம்பிக்கும்.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் பராமரிப்பு குறைவு. கிளட்ச் கிடையாது, டார்க் கன்வெர்ட்டர் கிடையாது, ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. ஆனால் பேட்டரியைக் குளிர வைக்க காத்து உறிஞ்சுற துளை ஒன்னு கேபினுக்குள்ள இருக்கும். எங்கேன்னு டெலிவரி அன்னிக்கே காட்டச் சொல்லுங்க. அது மேல பெட்ஷீட், பை எதுவும் போடக் கூடாது. முடியும் தூசியும் அடைச்சால் பேட்டரி சூடாகி மைலேஜ் இறங்கும். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி. வண்டியை ரெண்டு வாரம் நிறுத்தினால் தொல்லை கொடுக்கறது பெரிய பேட்டரி இல்லை, 12 வோல்ட் சின்ன பேட்டரிதான். வாரம் ஒரு தடவை 'ரெடி' லைட் வர வைச்சு அரை மணி நேரம் விடுங்க. அந்த வண்டியிலிருந்து வேற வண்டிக்கு ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்காதீங்க.

அப்புறம், அந்த 40 மீட்டர். அதுக்கு வண்டியை மாத்தறதை விட ரோட்டை மாத்தலாமே? சக்கரம் போற ரெண்டு தடம் மட்டும் போதும். ஒவ்வொன்னும் 2 அடி அகலம், அரை அடி ஆழம் வெட்டி, கீழே 40 மி.மீ. ஜல்லி, மேலே 20 மி.மீ. ஜல்லியும் கிராவலும் கலந்து, தண்ணி விட்டு இறுக்கணும். மொத்தம் சுமார் 260 கன அடி, அதாவது ரெண்டரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. மலைக்கு மேல லாரி வாடகை கூடும், இருந்தாலும் ஒரு வருஷப் பெட்ரோல் மிச்சத்துக்குள்ள அடங்கப் பாருங்க. மேட்டுப் பக்கம் ஓரமா ஒரு அடி வாய்க்கால் வெட்டி தண்ணியைத் திருப்பி விடணும். அதை விட்டால் அடுத்த மழையில் ஜல்லி கீழே வந்திடும்.

மலைப்பாதை:
அது பஞ்சாயத்து ரோடா, சொந்த நிலமா? பஞ்சாயத்து என்றால் கேட்காமல் வெட்டக் கூடாது. சொந்த நிலம் என்றால் என் வாக்கும் ஜல்லிக்குத்தான், வண்டி ஸ்ட்ராங் ஹைப்ரிட்.

மேடவாக்கத்தான்:
அந்தத் திருப்பம் எங்க நிலத்துக்குள்ளதான் வருது. அப்போ ஸ்ட்ராங் ஹைப்ரிட் பக்கம் முடிவு பண்றேன். டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்கணும்?

கிரகக்கியர்:
5 பேரையும் ஏற்றிக்கொண்டு போங்கள், தனியாகப் போகாதீர்கள். மதியம் 2 மணிக்கு, ஏசி 22ல் வைத்து, நெரிசலில் அரை மணி நேரம். மேடவாக்கம் மேம்பாலத்தில் நின்று கிளம்பிப் பாருங்கள். உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். ரிவர்ஸில் இழுப்பது மோட்டார் மட்டும்தான், எஞ்சின் சக்கரத்துக்கு உதவாது. அதனால் முழு பாரத்தில்தான் அது தெரியும். வேளச்சேரி – தாம்பரம் ரோட்டில் 80ல் போய் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அமுக்குங்கள். அந்த 3 சிலிண்டர் சத்தத்தை வீட்டார் பொறுத்துக்கொள்வார்களா என்று பின் சீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். பிரேக்கை மெதுவாகப் பிடித்து முழுக்க நிறுத்துங்கள். கடைசி 10 கி.மீ. வேகத்தில் மோட்டார் பிரேக்கிலிருந்து சாதா பிரேக்குக்கு மாறும் இடம் காலில் தட்டுப்படும். ரெண்டு நாளில் பழகிவிடும் அளவா என்று பாருங்கள்.

திருவான்மியூர் நிலா:
விக்டோரிஸ் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டையும் அதே நாளில் ஓட்டிப் பாருங்க. பாரத் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கினது. அதுக்கும் அதே பெட்டி ரெண்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

அம்பத்தூர் பட்டறை:
செம்மேடு போகும்போது 12 வோல்ட் காத்தடிக்கிற பம்ப் ஒன்னு டிக்கியில் இருக்கட்டும் தம்பி. சேறு ஆரம்பிக்கிற இடத்தில் முன் டயரை 33லிருந்து 25 பிஎஸ்ஐக்கு இறக்குங்க. தாருக்கு வந்ததும் மறக்காமல் திரும்ப ஏத்திட்டுத்தான் ஊசி வளைவு இறங்கணும்.